டிசபிலிட்டி பென்ஷன் கோரிக்கை: நீலகிரியில் இருப்பவர் யாருடைய துணையை நாடுவது?

கேத்தியிலிருந்து ஒரு மகள் கேட்ட கேள்வி இந்தக் கட்டுரைக்குக் காரணம். அவருடைய தந்தை 24 ஆண்டுகள் தரைப்படையில் பணியாற்றி 2016-இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். ஓய்வுக்கு முன் அவரைப் பரிசோதித்த ராணுவ மருத்துவக் குழுவான மெடிக்கல் போர்டு, அவருக்கு உயர் ரத்த அழுத்தமும் முழங்கால் தேய்மானமும் இருப்பதை ஒப்புக்கொண்டு இயலாமை 30 சதவீதம் என்று குறித்தது. ஆனால் அதே தாளில், இவை பணியால் ஏற்பட்டவையும் அல்ல, பணியால் மோசமடைந்தவையும் அல்ல என்று எழுதியது. அதனால் டிசபிலிட்டி பென்ஷன், அதாவது உடல் இயலாமைக்காகத் தரும் ஓய்வூதியம், மறுக்கப்பட்டது. இப்போது அந்தக் குடும்பத்துக்கு நான்கு யோசனைகள் வந்திருக்கின்றன. முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர் தாமே மனு எழுதித் தருவதாகச் சொல்கிறார். குன்னூர் வழக்கறிஞர் 40,000 ரூபாய் முன்பணமாகக் கேட்கிறார். சென்னையிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒருவர், இப்போது எதுவும் தர வேண்டாம், நிலுவைத் தொகை வந்தபின் கால் பங்கு கொடுத்தால் போதும் என்கிறார். தந்தையோ, இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன, விட்டுவிடு என்கிறார்.

நான், படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவன். ஓய்வுக்குப் பின் இம்மலையில் முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மனுக்கள் எழுதித் தந்து வருகிறேன். நான் கண்டவரை, துணை மோசமாக அமைந்ததால் தோற்றவர்களைவிட, தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியாமல் துணையைத் தேடியதால் இழந்தவர்களே அதிகம். ஆகவே முதலில் படிகளைச் சொல்கிறேன்.

எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

மெடிக்கல் போர்டின் முடிவை வைத்துப் பென்ஷன் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதம் கிடைத்த 6 மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் நிராகரிக்கப்பட்டால் அடுத்த 6 மாதத்துக்குள் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். இவ்விரண்டும் துறைக்குள் நடப்பவை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. அதன் பிறகே ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 2009 முதல் இயங்கும் இத்தீர்ப்பாயத்தின் கிளைகளுள் தமிழகத்துக்கு உரியது சென்னையில் உள்ளது. ஓய்வுபெற்றவர் தாம் குடியிருக்கும் இடத்துக்கு உரிய கிளையிலேயே மனு தாக்கல் செய்யலாம். துறையின் இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும்; துறைக்கு அனுப்பிய முறையீட்டுக்கு 6 மாதமாகியும் பதில் இல்லையென்றால், அதற்குமேல் காத்திருக்காமல் தீர்ப்பாயத்தை அணுகலாம். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் துறைக்குள் உள்ள வழிகளைத் தொடாமல் நேரே வந்தவரின் மனுவைச் சாதாரணமாக ஏற்பதில்லை.

எதைக் கொண்டு எடைபோடுவது?

முதல் அளவுகோல் காலம். துணைக்கு வருபவர் கெடுவுக்குள் தாளை அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை உங்கள் கையில் தருவாரா? இரண்டாவது, கோப்பைப் படிக்கும் திறன். மெடிக்கல் போர்டின் படிவத்தில் மருத்துவர் எழுதிய ஒரு வரிக் காரணத்தை எதிர்த்துப் பேசுவதே இவ்வழக்குகளின் உயிர். மற்றவை எல்லாம் அதற்குப் பின்புதான். மூன்றாவது, கட்டணம் மட்டுமல்லாமல் போக்குவரத்து, நகல், கூலி இழப்பு உட்பட்ட முழுச் செலவு. நான்காவது மொழி. தாள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவர் தம் நோயின் கதையைத் தமிழிலோ படுக மொழியிலோதான் முழுமையாகச் சொல்ல முடியும். எந்த ஆண்டில், எந்த இடத்தில், எந்த வேலையின்போது முதன்முதலாக வலி வந்தது என்பதைப் பொறுமையாகக் கேட்டு வாங்காத துணை, எத்தனை பெரிய பட்டம் பெற்றிருந்தாலும் பயன்படாது. ஐந்தாவது, வெற்றிக்குப் பின்னும் கூட நிற்பாரா என்பது. உத்தரவு வந்தபின் பணம் வராமல் நிறைவேற்று மனு போட வேண்டிய நிலை பலருக்கு நேர்கிறது.

| வழி | கையிலிருந்து போவது | கண்ணுக்குத் தெரியாத செலவு | ஏற்ற படி |
|---|---|---|---|
| தாமே எழுதுவது | தபால், நகல் | தவறான வாதம், தவறிய கெடு | மேல்முறையீடுகள் |
| நல அலுவலகம், சங்கம் | சந்தா, பயணம் | அச்சுப் போன்ற பொது மனு | மேல்முறையீடுகள், பென்ஷன் கணக்குத் திருத்தம் |
| இலவச சட்ட உதவி | ஏறக்குறைய ஒன்றுமில்லை | தகுதிச் சான்றுக்கான அலைச்சல், காத்திருப்பு | தீர்ப்பாயம் |
| கட்டணம் பெறும் வழக்கறிஞர் | பேசிய தொகை | நிறைவேற்று மனு, உயர் நீதிமன்றத்துக்குத் தனிக் கட்டணம் | தீர்ப்பாயமும் அதற்கு மேலும் |

தாமே எழுதுவது

மலிவான வழி என்பதற்காக இதைத் தாழ்வாக எண்ண வேண்டாம். முதல் மேல்முறையீட்டுக்கு இதுவே பெரும்பாலும் போதும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவருக்கு ரெக்கார்ட்ஸ் அலுவலகம் வெலிங்டனிலேயே இருக்கிறது. காலையில் பஸ் ஏறிப் போய் நேரில் விசாரித்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவருக்கு ஜபல்பூர், மின், இயந்திரப் பொறியியல் பிரிவான இ.எம்.இ.-யில் இருந்தவருக்குச் செகந்திராபாத், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவருக்குப் பெங்களூர் என்பதால், அவர்கள் தபாலை நம்பியே இருக்க வேண்டும்.

எழுதத் தொடங்கும் முன் மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கைத் தாள்களும் கையில் வேண்டும். ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-16 என்ற படிவம் அதுதான். பல வீடுகளில், பணி விவரம் அடங்கிய டிஸ்சார்ஜ் புக்கும் பென்ஷன் வழங்கும் உத்தரவான பி.பி.ஓ.வும் பத்திரமாக இருக்கும். இந்தப் படிவம் மட்டும் இருக்காது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. பணியில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள்.

சேர்ந்தபோது எழுதிய தாளை ஏன் கேட்க வேண்டும் என்றால், 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான் பற்றி நிற்கிறது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு துறையினுடையது. சந்தேகத்தின் பலன் வீரருக்குச் சேர வேண்டும். இந்த மூன்று செய்திகளையும் உங்கள் தாள்களோடு பொருத்தி ஒன்றரைப் பக்கத்தில் எழுத முடிந்தால், அந்த மேல்முறையீடு வழக்கறிஞர் எழுதியதற்குக் குறைந்ததாக இராது.

இதில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். மனு எழுதத் தொடங்கிய ஆண்டில் ஒருவருக்காக மூன்று பக்கம் எழுதினேன். வீட்டு நிலைமை, மகளின் படிப்பு, தேயிலை விலை வீழ்ச்சி என்று எல்லாம் எழுதினேன். அவருடைய நோய் ‘பீஸ் ஸ்டேஷனில் தொடங்கியது’, அதாவது அமைதியான பணியிடத்தில் தொடங்கியது என்று போர்டு சொன்ன காரணத்துக்கு ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. அந்த மனு நிராகரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகள் அவர் ஃபீல்டு ஏரியா எனப்படும் கடினமான களப் பகுதியில் இருந்தார் என்பது டிஸ்சார்ஜ் புக்கிலேயே இருந்தது. நான் அதைத் தேடவில்லை. தாமே எழுதும் வழியின் உண்மையான செலவு இதுதான். துன்பத்தைச் சொல்வது வேறு, காரணத்தை உடைப்பது வேறு. அந்த வேறுபாடு தெரிந்த ஒருவரிடம் அனுப்பும் முன் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

நல அலுவலகமும் சங்கமும்

உதகையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், மாநில அரசின் கீழ் இயங்குவது. அடையாள அட்டை, நிதியுதவி, பிள்ளைகளின் கல்வி உதவி போன்றவற்றுக்கு அங்கே போயே ஆக வேண்டும். பென்ஷன் மறுப்பைப் பொறுத்தவரை, அவர்கள் உங்கள் மனுவை உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள், நினைவூட்டல் எழுதுவார்கள். உங்களுக்காக வாதாட அவர்களுக்கு அதிகாரமில்லை. பாதுகாப்புத் துறையின் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு தவறியிருந்தால் அதைச் சரிசெய்ய வழி கேட்பதற்கு இது பொருத்தமான இடம்.

சங்கங்களின் பலம் அனுபவம். உங்கள் பட்டாலியனைச் சேர்ந்த, அதே நோய்க்கு அதே போர்டில் மறுக்கப்பட்டு, பின்னர் பெற்ற ஒருவரை அவர்கள் அறிந்திருக்கக்கூடும். அவருடைய உத்தரவின் நகல் ஒரு வழக்கறிஞரின் ஒரு மாத உழைப்புக்குச் சமம். அவர்களின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஒருவருக்கு வென்ற மனுவையே பெயரை மாற்றி எல்லோருக்கும் அனுப்பும் பழக்கம் உண்டு. காது கேளாமைக்கு எழுதிய வாதம் ரத்த அழுத்தத்துக்குப் பொருந்தாது. சங்கம் எழுதித் தந்ததைக் கையெழுத்திடும் முன், உங்கள் போர்டு சொன்ன காரணம் அதில் ஓரிடத்திலாவது மேற்கோளாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் திருப்பிக் கொடுத்து எழுதச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இலவச சட்ட உதவி

இந்த வழியைத்தான் நம் மலையில் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் ஆதங்கம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள் யார் என்று பட்டியலிடுகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் அதில் உண்டு. ஆகவே குடும்ப ஓய்வூதியத்துக்காகப் போராடும் விதவை எவரும், தேயிலைத் தோட்டம் எத்தனை ஏக்கர் இருந்தாலும், பெண் என்ற ஒரே காரணத்தால் தகுதியுடையவர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் அவ்வாறே.

மாற்றுத்திறனாளி என்ற தகுதியில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. மெடிக்கல் போர்டு போட்ட 20 அல்லது 30 சதவீதம், மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்கள் பேசும் 40 சதவீதத்தை எட்டாது. மேலும், ராணுவ போர்டு அளவிடும் முறையும் அரசு மருத்துவமனை அளவிடும் முறையும் ஒன்றல்ல. மூட்டு, செவி, பார்வை ஆகியவற்றில் குறை உள்ளவர் அரசு மருத்துவக் குழுவிடம் பரிசோதித்துத் தனித்துவ அடையாள அட்டை பெற்றுக்கொண்டால், இலவச சட்ட உதவிக்கும் அது சான்றாகும். மாநில அரசின் பிற உதவிகளுக்கும் ஆகும். இந்தத் தகுதிகள் எதிலும் வராத ஆண்களுக்கு வருமான வரம்பு பொருந்தும். பென்ஷனும் அந்த வருமானத்தில் சேரும்.

உதகையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடங்கிய வீர் பரிவார் சகாயதா திட்டம், படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் அமைப்பதை நோக்கமாகக் கொண்டது. ஆகவே நல அலுவலகத்துக்குப் போகும் நாளிலேயே அதைப் பற்றியும் கேளுங்கள். விண்ணப்பத்தில் ஒன்றை மட்டும் தெளிவாக எழுத வேண்டும்: வழக்கு நடக்கப்போவது சென்னைத் தீர்ப்பாயத்தில், எனவே அங்கே ஆஜராகும் வழக்கறிஞர் தேவை. இதை எழுதாமல் விட்டு, உதகை நீதிமன்றத்தில் மட்டும் ஆஜராகும் ஒருவரை நியமித்துவிட்டால், அதை மாற்றுவதற்குள் மாதங்கள் போய்விடும். நியமிக்கப்பட்டவர் அக்கறை காட்டவில்லையென்றால் வேறொருவரைக் கேட்டு ஆணைக்குழுவுக்கு எழுதலாம். இலவசம் என்பதால் வாய் திறக்கக் கூடாது என்று நினைக்க வேண்டியதில்லை. அது பிச்சையல்ல, சட்டம் தந்த உரிமை.

கட்டணம் பெறும் வழக்கறிஞர்

முதலில் அந்தக் கால் பங்குப் பேச்சை முடித்துவிடுகிறேன். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடைசெய்கின்றன. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் வழக்குகளில் நிலுவையின் ஒரு சதவீதத்தைக் கட்டணமாகப் பெறச் சட்டமே இடமளிக்கிறது. இங்கே அப்படி இல்லை. விதியை ஒதுக்கிவைத்துக் கணக்காகப் பார்த்தாலும் அது மலிவல்ல. கடைசி ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத இயலாமைக்கு ஊதியத்தில் 30 சதவீதம் என்பது அடிப்படை. அதன்படி 30 சதவீத இயலாமைக்கு மாதம் 3,600 ரூபாய். 50 சதவீதத்துக்குக் குறைவானதை 50 ஆக உயர்த்திக் கணக்கிடும் முறைப்படி அது 6,000 ரூபாய் ஆகிறது. மூன்று ஆண்டு நிலுவை மட்டும் 2,16,000 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி. அதில் கால் பங்கு 54,000 ரூபாய்க்கு மேல் போகிறது. குன்னூர் வழக்கறிஞர் வெளிப்படையாகக் கேட்ட 40,000 ரூபாயைவிட, எதுவும் தர வேண்டாம் என்றவரே அதிகம் கேட்கிறார்.

மூன்று ஆண்டு என்று கணக்கிட்டதற்குக் காரணம் உண்டு. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பென்ஷன் மறுப்பு தொடர்ந்து நிகழும் தவறு என்பதால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம் என்றும், நிலுவையை மனுத் தாக்கலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே தரலாம் என்றும் சொன்னது. தந்தை சொல்வதுபோல் காலம் முடிந்துவிடவில்லை. ஆனால் காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், நம் எடுத்துக்காட்டில் 6,000 ரூபாய் வீதம், திரும்பி வராமல் போய்க்கொண்டிருக்கிறது. எந்த வழக்கறிஞரின் கட்டணமும் இந்தச் செலவுக்கு ஈடாகாது.

உள்ளூர் வழக்கறிஞரா, சென்னையில் தீர்ப்பாயத்திலேயே ஆஜராகுபவரா என்பது அடுத்த கேள்வி. உள்ளூர்க்காரரிடம் நேரில் உட்கார்ந்து சொந்த மொழியில் பேசலாம். அது சிறிய நன்மையல்ல. ஆனால் அவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் செய்து சென்னை போக வேண்டும், அல்லது அங்கே வேறொருவரை நிறுத்த வேண்டும். இரண்டுக்கும் நீங்கள்தான் பணம் தருவீர்கள். ஐப்பசி மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வாய்தா தவறும். சென்னையில் இருப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் ஆஜரானால் நீங்கள் ஒவ்வொரு முறையும் போக வேண்டியதும் இல்லை. பந்தலூரில் இருப்பவருக்கு உதகை வந்து சேருவதே அரை நாள் வேலை என்பதால் இந்த மிச்சம் பெரிது. தொலைவிலிருக்கும் வழக்கறிஞரிடம் கதை முழுமையாகப் போய்ச் சேராது என்ற குறையை, நோயின் வரலாற்றை ஆண்டு வாரியாக இரண்டு பக்கம் எழுதி அனுப்புவதன் மூலம் பெரும்பாலும் தீர்க்கலாம்.

வழக்கின் வகையைப் பார்த்தும் செலவைத் தீர்மானிக்க வேண்டும். போர்டு ஏற்கெனவே பணியால் ஏற்பட்டது என்று ஒப்புக்கொண்டு பென்ஷனும் வந்துகொண்டிருந்து, 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிடுவது மட்டும் மறுக்கப்பட்டிருந்தால், 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் அந்தச் சட்டப் பிரச்சினை தீர்ந்துவிட்டது; பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவருக்கும் அந்த உயர்வு உண்டு. அதற்குப் பெயர்பெற்ற வழக்கறிஞர் வேண்டாம். சட்ட உதவி வழக்கறிஞரே போதும். நோய் காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டு 20 சதவீதத்துக்குக் குறைவு என்று மறுக்கப்பட்டவருக்கு, 2014-இன் சுக்விந்தர் சிங் தீர்ப்பு துணை நிற்கும். ஆனால் பணிக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பே மறுக்கப்பட்ட வழக்குகளிலும், 2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தகுதி விதிகளுக்குள் வரும் ஓய்வுகளிலும், இதையே தொழிலாகச் செய்பவரைத் தேடிச் செலவழிப்பது வீணாகாது. பழைய விதிகளின் மேல் எழுந்த தீர்ப்புகளைப் புதிய விதிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது.

வக்காலத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பேசிய தொகையில் நிறைவேற்று மனு அடங்குமா? தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து அரசு உயர் நீதிமன்றம் போனால், அங்கே யார், எவ்வளவுக்கு ஆஜராவார்? அசல் தாள்கள் யாரிடம் இருக்கும்? கடைசிக் கேள்விக்கு விடை ஒன்றுதான்: அசல் உங்களிடம், நகல் அவரிடம்.

கேத்திக் குடும்பத்துக்கு

தந்தையின் 30 சதவீதம் மாற்றுத்திறனாளித் தகுதிக்குப் போதாது. பென்ஷன் வருவதால் வருமான வரம்பும் தடையாகலாம். முழங்காலுக்கு அரசு மருத்துவக் குழு 40 சதவீதமோ அதற்கு மேலோ தந்தால் சட்ட உதவி கிடைக்கும். அந்தப் பரிசோதனைக்கு உடனே விண்ணப்பியுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மெடிக்கல் போர்டு தாள்களுக்கான தகவல் உரிமை விண்ணப்பம் இந்த வாரமே போகட்டும். தாள்கள் வந்ததும், தாமதத்துக்கான காரணத்தைச் சொல்லி முதல் மேல்முறையீட்டை நீங்களே எழுதுங்கள். சங்கத்துக்காரரிடம் அதை எழுதச் சொல்வதைவிடப் படித்துப் பார்க்கச் சொல்வது மேல். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் படிவத்தோடு சேர்த்து வையுங்கள். அந்த ரசீதின் தேதியிலிருந்து 6 மாதத்தை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்குள் சென்னையில் தீர்ப்பாய வழக்குகளை நடத்தும் ஒருவரிடம் நிலையான தொகை பேசி முடித்துவிடுங்கள். பதில் வராவிட்டால் ஏழாம் மாதத்தின் முதல் வாரத்தில் மனு தாக்கலாகிவிட வேண்டும். தந்தையிடம், 24 ஆண்டுகளில் அவர் இருந்த இடங்களையும் முழங்கால் முதலில் வலித்த நாளையும் ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அதை உங்களைவிட நன்றாகக் கேட்டு எழுதக்கூடிய வழக்கறிஞர் எந்த ஊரிலும் இல்லை.